ஒன்பது நொடிக்கு ஒரு மனு

எங்கள் காலத்தில் படம் பார்க்கப் போனவன் வாயை மூடிக்கொண்டு பார்ப்பான். பேசினால் பின்வரிசைக்காரன் நாற்காலியை உதைப்பான். இப்போது பேசாமல் இருந்தால் உதைக்கிறார்கள். அதற்கென்று ஒரு மன்றம் வைத்திருக்கிறார்கள். மன்றத்துக்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஏழு பிரிவு, பதினொரு ரப்பர் முத்திரை. முத்திரைகளை நானே எண்ணினேன். எண்ணி முடிக்கிற அளவுக்கு அங்கே உட்கார வைத்திருந்தார்கள்.

என் அக்காவுக்கு எழுபத்துநாலு வயது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் படுக்கை விரிப்பு மடித்தவள். இப்போது கண் நரம்பு காய்ந்துகொண்டே வருகிறது. முதலில் ஊசிக் காது போயிற்று, பிறகு எழுத்து போயிற்று, இப்போது எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற என் முகமும் கலங்கல். "நல்லதாப் போச்சு, எத்தனை வருஷந்தான் அதையே பாக்குறது" என்றாள். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, பெரிதாக இருப்பதெல்லாம் இன்னும் மூன்று மாசம் தெரியும், அப்புறம் வெளிச்சம் மட்டும்தான் என்றார். அவளுக்குக் கேட்கக் கூடாதென்று கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். அவளுக்குக் கண்தான் பழுது, காது இல்லை. வெளியே வந்ததும், "மூணு மாசமா, ரெண்டு மாசமா? அந்த ஆள் முணுமுணுக்கிறான்" என்று கேட்டாள்.

அவளுக்கு இருபத்திரண்டு வயதில் வெளிதேசத்துப் படக்காரர்கள் வந்து அந்த ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் படம் பிடித்தார்கள். அக்கா துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு நடைவழியில் போனாள். போகிற போக்கில் திரும்பிப் பார்த்தாள். அதைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். படம் இந்தப் பக்கம் வரவே இல்லை. அந்த வயதில் அவளை எடுத்த போட்டோ ஒன்றுகூட வீட்டில் கிடையாது. அப்போதெல்லாம் கல்யாணத்துக்குப் பார்க்கிற பெண்களைத்தான் போட்டோ பிடிப்பார்கள். அவளுக்கு யாரும் பார்க்கவில்லை.

ஐம்பத்திரண்டு வருஷம் கழித்து பஸ் நிறுத்தத்துச் சுவரில் அந்தப் படத்தின் சுவரொட்டியைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியின் பழைய வாசல் வளைவை எனக்குத் தெரியாதா, குழாய் வேலைக்காரன் நான், அதன் கீழே எத்தனை குழாய் மாற்றியிருக்கிறேன். உலகப் படங்கள் வரிசை, மூன்றே காட்சி, பிறகு படப்பெட்டி சொந்த நாட்டுக்குத் திரும்பிவிடும் என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"அந்த வயசுல என் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எனக்கே தெரியாதுடா" என்றாள்.

"கண்ணாடியில பாத்திருப்பியே."

"சலவைக்கூடத்துல ஏது கண்ணாடி? ஆவிதான்." பிறகு, "தியேட்டர்ல மூஞ்சி பத்தடி இருக்குமில்ல? அது எனக்குத் தெரியும்" என்றாள்.

முதல் காட்சிக்குப் போனோம். வாசலில் ஒரு பெண் எங்கள் கழுத்தில் ஆளுக்கொரு பலகையை மாட்டிவிட்டாள். கையகல டிவி மாதிரி இருந்தது. படம் ஓடும்போது மனதில் பட்டதை அதில் எழுத வேண்டுமாம், எழுதியது திரையில் வலமிருந்து இடமாக ஓடுமாம். இங்கே மட்டுமில்லை, பத்து நாட்டுக் கொட்டகைகளில் அதே நேரம் அதே படம் ஓடுகிறது. அவர்கள் எழுதுவதும் மொழிமாறி இங்கே வந்து ஓடும். இதனால் நாடுகளுக்குள் புரிந்துணர்வு வளருமாம்.

"ஒருத்தருக்குப் பத்துக் கருத்து கட்டாயம் சார்" என்றாள் அந்தப் பெண். "நிமிஷத்துக்கு நூறுக்குக் கீழ போனா படம் தானா நின்னுடும்."

"ஏம்மா, நிக்கணும்?"

"யாரும் பாக்கலன்னு அர்த்தம் சார்."

அக்கா தனக்குக் கண் தெரியாதென்று சொன்னாள். அவளுக்கு மூன்று பொத்தான் வைத்த பலகையாக மாற்றிக் கொடுத்தார்கள். சிரிப்பு, அழுகை, ஆச்சரியம். எதையாவது அமுக்கிக்கொண்டே இருந்தால் போதும். அவள் எடுத்த எடுப்பிலேயே ஒன்றை அமுக்கினாள். அது அமுங்கியபடியே மாட்டிக்கொண்டது. படத்தில் ஒரு கிழவர் செத்துப்போக, மகள்கள் அழ, எங்கள் வரிசையிலிருந்து பதினான்கு சிரிப்பு போயிற்று.

அதில் ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. அந்தச் சாவுக்கு ஒரு நாட்டுக்காரர்கள் ஹஹஹ என்று எழுதினார்கள். இன்னொரு நாட்டுக்காரர்கள் அவர்களைத் திட்டினார்கள். மூன்றாவது நாட்டில் ஒருத்தர், செத்தவர் தலைக்குக் கீழே இருக்கிற தலையணை உறை எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அதற்கு எட்டுப் பேர் கடை சொன்னார்கள். புரிந்துணர்வு வளர்ந்துகொண்டிருக்கும்போதே கிழவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் சட்டையில் மூன்று பதக்கம் குத்திய ஒருத்தர் குனிந்தபடி எழுதிக்கொண்டே இருந்தார். முதல்நிலைக் கருத்தாளராம். நான் அவரைப் பார்த்தவரையில் நிமிரவே இல்லை.

"படம் பாக்கலயா நீங்க?" என்றேன்.

"பாத்தா வேகம் குறையும் பெரியவரே. ஆறு வருஷமா இதே நாற்காலி. நாலாயிரம் படத்துக்குக் கருத்து போட்டிருக்கேன், ஒண்ணு பாத்ததில்ல."

"அப்ப எதை வச்சு எழுதுறீங்க?"

"மத்தவங்க எழுதுறதை வச்சு. வெளிநாட்டுல முன்னாடியே ஓடின படம் இது. இருங்க, இருங்க, நாப்பத்தோராவது நிமிஷம் வருது. முறைப்புக்காரி வரப்போறா. இதுக்குத்தான் கூட்டமே."

யார் முறைப்புக்காரி என்று கேட்பதற்குள் ஆஸ்பத்திரி நடைவழி வந்துவிட்டது. துணிக்கட்டோடு ஒரு பெண்ணின் முதுகு. நடை அக்காவின் நடை, ஒரு தோள் சற்றே இறங்கி. அவள் திரும்புகிற நேரத்தில் கொட்டகை முழுக்கப் பொத்தான் சத்தம், தகரக் கூரையில் மழை அடித்த மாதிரி. திரை முழுக்க எழுத்து. வந்துட்டா வந்துட்டா. முறைக்கிறா பாரு. எங்கள் நாட்டில் விரிப்பை இப்படி மடிப்பதில்லை. இவளைப் பார்க்கவே நான்காம் முறை வருகிறேன். இவள் அந்த நாட்டின் ஏழைகளின் கோபம். இல்லை, இவள் பெண்களின் கோபம். நீ முட்டாள். நீதான் முட்டாள். இவள் முகத்தை யாராவது பார்த்திருக்கிறீர்களா. நான் பார்க்கவில்லை, ஆனால் மறக்க முடியாத முகம்.

ஒன்பது நொடி. எழுத்து வடிந்தபோது நடைவழி காலி.

"நான் வந்துட்டுப் போயிட்டேனா?" என்றாள் அக்கா.

"போயிட்ட."

"ஒரே புழுவா நெளிஞ்சுதேடா."

மறுநாள் காலை மன்றத்தின் அலுவலகத்துக்குப் போனேன். நாலு மாடி, லிப்ட் ஓடவில்லை. செயலாளர் நல்ல மனிதர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே முழுவதும் கேட்டார். ஒன்பது நொடி மட்டும் எழுத்தை நிறுத்தினால் போதும் என்று சொன்னேன். துடைப்பதை நிறுத்திவிட்டார்.

"பெரியவரே, ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். படம் பாக்குறது தனிமனுஷன் செய்யுற காரியம். யாருக்கும் பிரயோஜனமில்ல. கருத்து சொல்றதுதான் சமூகக் காரியம். ஒன்பது நொடி கருத்தில்லாம விட்டா அந்த ஒன்பது நொடி ஜனங்க என்ன பண்ணுவாங்க?"

"பாப்பாங்க."

"அதைத்தான் சொல்றேன். பொறுப்பு யாரு ஏத்துக்கிறது?"

ஒரு மனுப் படிவம் கொடுத்தார். கருத்தின்மை விண்ணப்பம் என்று பெயர். காரணத்தை இருபது எழுத்துக்குள் சொல்ல வேண்டும். அக்காவுக்குக் கண் போகிறது என்று எழுதினேன். அடையாளச் சரிபார்ப்புப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே இருந்த அம்மாள் என் அக்காவின் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"படத்துல வர்ற முகமும் இவங்க முகமும் ஒண்ணுதானான்னு ஒத்துப் பாக்கணும்."

"பாருங்க."

"படத்துல முகம் தெரியாதே, மேல கருத்து ஓடுதே."

"அதை எடுக்கத்தானே மனு கொடுத்திருக்கேன்."

"எடுக்கணும்னா ஒத்துப் பாத்திருக்கணும்."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். கேலி இல்லை. மேஜையின் இடது மூலையில் இதே மாதிரி மனுக்கள் ஒரு முழ உயரத்துக்கு இருந்தன. மேலே தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார், பறக்காமல் இருக்க.

கருத்து இல்லாத படம் ஒன்று பெட்டியில் இருக்குமே, அதை ஓரமாக ஒரு சுவரில் போட்டுக் காட்டினால் என்ன என்று கேட்டேன். பண்பாட்டு இணக்கப் பிரிவில் இருந்தவர் இதைக் கேட்டுச் சங்கடப்பட்டார். "அது வெறும் படம் சார்" என்றார், ஏதோ உடுப்பில்லாத ஆளைப் பற்றிச் சொல்வது மாதிரி.

இப்படியே எட்டு நாள் போயிற்று. இரண்டாவது காட்சியும் போயிற்று. அதற்கு நாங்கள் போகவில்லை. என்னத்துக்குப் போவது, எழுத்து பார்க்கவா? பதினோராவது முத்திரைக்கு அக்காவையே நேரில் கூட்டிவரச் சொன்னார்கள். தலைவர் அறை. நாற்காலி மெத்தென்று இருந்தது, அக்கா அதற்குள் அமுங்கிவிட்டாள். தலைவர் விதிப் புத்தகத்தைத் திறந்துவைத்திருந்தார்.

"அம்மா, மௌனம் வழங்குறதுக்கு எங்ககிட்ட ஒரே விதிதான் இருக்கு. அஞ்சலி விதி. காலமானவங்களுக்கு மட்டும். நீங்க..." என்று இழுத்தார்.

"இருக்கேன்" என்றாள் அக்கா.

"அதான் சிக்கல்."

"செத்துட்டேன்னு எழுதிக்கோங்க. பாத்துட்டுத் திரும்பி வந்துக்கிறேன்."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு தலைவர் எழுந்து நின்று பேசினார். அறையில் நாங்கள் நாலு பேர்தான், ஆனாலும் எழுந்து நின்றார். "இந்த மன்றம் மனிதாபிமானம் இல்லாத மன்றம்னு சிலர் சொல்றாங்க. நாங்க இதுவரைக்கும் ஒரு கோடி கண்ணீர்க் கருத்தைத் திரையில ஓடவிட்டிருக்கோம். இந்த வருஷம் மட்டும் அழுகைப் பொத்தான் பதினெட்டாயிரம் வாங்கியிருக்கோம். ஒரு அம்மாவுக்காக ஒன்பது நொடியை விட்டுக்கொடுக்க மாட்டமா? கொடுக்கிறோம். விழாவா வச்சே கொடுக்கிறோம்."

"விழா வேண்டாங்க. எழுத்து இல்லாம இருந்தாப் போதும்" என்றேன்.

"விழா இல்லாம கொடுத்தா நாங்க கொடுத்தது யாருக்குத் தெரியும்?" என்றார். ஒளிவுமறைவில்லாத மனிதர். என்னை வெள்ளைச் சட்டை போட்டுவரச் சொன்னார்.

கடைசிக் காட்சி சனிக்கிழமை மத்தியானம். அக்கா தலைக்கு எண்ணெய் வைத்து இறுக்கி வாரியிருந்தாள். முதல் வரிசை நடு நாற்காலியில் அவளை உட்கார வைத்தார்கள், ஒரு பக்கம் தலைவர், ஒரு பக்கம் செயலாளர். எனக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. அரைமணி முன்னாலேயே வந்து கொட்டகையைச் சுற்றிப் பார்த்தேன். கூரை ஒழுகினால் நான் ஈரத்தைப் பார்க்க மாட்டேன், தண்ணீர் எங்கிருந்து புறப்படுகிறது என்றுதான் பார்ப்பேன். படம் பின்னால் மேலே இருக்கிற துளை வழியாக வருகிறது. எழுத்து அங்கிருந்து வரவில்லை. முதல் வரிசைக்கு முன்னால் இடுப்புயர மேஜையில் ஒரு தனி யந்திரம், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடிக் கண். அதிலிருந்துதான் எழுத்து மேலே ஏறித் திரையில் விரிகிறது.

யந்திரத்துக்காரரிடம், "ஒன்பது நொடிக்கு இதை அணைச்சுடுவீங்கல்ல?" என்றேன்.

"அணைக்க முடியாது சார். கருத்து நின்னா படமும் நின்னுடும், ரெண்டுக்கும் முடிச்சு போட்டிருக்காங்க."

"அப்ப மௌனம்?"

"மௌனத்துக்கு வேற ஏற்பாடு பண்ணியிருக்காங்க" என்றார். அதற்குமேல் சொல்லக் கூடாதாம்.

வேறு ஏற்பாடு என்ற வார்த்தையை நான் நம்புவதில்லை. கொத்தனார் சொல்லி நிறையக் கேட்டிருக்கிறேன். உட்காராமல் அந்த மேஜைக்குப் பக்கத்திலேயே சுவரோரம் நின்றுகொண்டேன். பின்னால் இருந்த ஒரு பெண் தலை மறைக்கிறது என்றாள். அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள், என் தலை எதை மறைத்தது என்று தெரியவில்லை.

தலைவர் பேசினார், செயலாளர் பேசினார், அடையாளச் சரிபார்ப்பு அம்மாள்கூடப் பேசினார். மௌனத்தின் சிறப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் பேச்சு. படம் தொடங்கியது. கிழவர் செத்தார், தலையணை உறைக்குக் கடை சொன்னார்கள். நாற்பத்தோராவது நிமிஷம். நடைவழி வந்தது. தோள் இறங்கிய முதுகு வந்தது. அப்போதுதான் ஏற்பாடு தெரிந்தது. திரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை, ஒவ்வொரு எழுத்தும் ஆள் உயரத்துக்கு: இது மௌன நேரம். இம்மௌனத்தை அன்புடன் வழங்குவது உலகத் திரைக்கருத்து மன்றம். அதற்குக் கீழே தலைவர் பெயர், செயலாளர் பெயர், ஏழு பிரிவுத் தலைமைகள் பெயர். அந்தப் பெயர்களுக்கு இடையில் மற்ற நாட்டுக்காரர்களின் எழுத்து: ஏன் மௌனம்? யார் செத்தார்கள்? ஆழ்ந்த இரங்கல்.

அணைத்தால் படம் நிற்கும். அணைக்காவிட்டால் இதுதான். நான் மேஜைக்கு முன்னால் போய், யந்திரத்தின் கண்ணுக்கு நேரே வயிற்றை வைத்து நின்றேன்.

எழுத்து பூராவும் என் சட்டையில் வந்து விழுந்தது. என் பின்னால் திரை சுத்தமாகிவிட்டது என்பது எனக்கு எப்படித் தெரியும் என்றால், கொட்டகை சட்டென்று வேறு மாதிரி வெளிச்சமாயிற்று. படமும் நிற்கவில்லை. கருத்து வந்துகொண்டுதானே இருக்கிறது, எங்கே விழுகிறது என்று யந்திரத்துக்கு என்ன கவலை. என் முதுகு திரைக்கு, முகம் ஜனங்களுக்கு. முன்னூறு பேரும் தலையை நிமிர்த்தினார்கள். பதக்கக்காரர்கூட நிமிர்ந்தார். ஆனால் ஒருத்தரும் திரையைப் பார்க்கவில்லை. கருத்து எங்கே போயிற்று என்று தேடி, என் வயிற்றில் கண்டுபிடித்து, அதை வாசிக்க முன்னால் சாய்ந்தார்கள். தலைவர் தன் பெயர் என் தொப்புளுக்குப் பக்கத்தில் வளைந்து ஓடுவதைப் பார்த்து எழுந்தே வந்துவிட்டார். செயலாளர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்தார். அதற்குள் புதுக் கருத்துகளும் வரத் தொடங்கிவிட்டன, என் மார்பில் தலைகீழாகப் பார்த்து நானே இரண்டு வாசித்தேன். யார் இந்தக் கிழவன். வயிறு இல்லாவிட்டால் இன்னும் தெளிவாக இருக்கும்.

அக்கா மட்டும் அசையவில்லை. சின்ன எழுத்து அவளுக்கு எங்கே தெரியப்போகிறது? நான்கூட அவளுக்கு அங்கே ஒரு கலங்கல்தான். கழுத்தை நிமிர்த்தி, என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். திரை வெளிச்சம் அவள் முகத்தில் முழுசாக விழுந்தது. வாயைக் கொஞ்சம் திறந்து, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே பார்த்தாள். நான் திரும்பிப் பார்த்திருக்கலாம். திரும்பினால் வயிறு விலகும் என்று திரும்பவில்லை.

ஒன்பது நொடி அவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. பிறகு வெளிச்சம் மாறியது. நகர்ந்துகொண்டேன். எழுத்தெல்லாம் மறுபடி திரைக்கு ஏறிக்கொண்டது.

படத்தை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டார்கள். என்னை அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். தலைவர் முகத்தில் அவ்வளவு பூரிப்பு. "நடமாடும் திரை" என்று செயலாளரிடம் சொன்னார். "ஜனங்க எழுந்து வந்து படிச்சாங்க பாத்தீங்களா?" பிறகு பலகையை எடுத்துக்கொண்டு அக்காவின் முன்னால் குனிந்தார். "அம்மா, இந்தச் சரித்திரக் காட்சியைப் பத்தி ஒரே ஒரு கருத்து. நீங்க சொல்லுங்க, நானே எழுதிக்கிறேன். எப்படி இருந்துச்சு?"

"நீங்க பாக்கலயா?" என்றாள் அக்கா.

"நாங்க உங்க தம்பி சட்டையில..."

"அவரு?" என்று செயலாளர் இருந்த பக்கம் கையைக் காட்டினாள்.

செயலாளர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஒருத்தர்கூடப் பாக்கலயா?"

பின்வரிசையில் இரண்டு மூன்று பொத்தான் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப விடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் எங்களை மறித்தார்கள். சட்டையைக் கழற்றிக் கொடுக்க வேண்டுமாம். அதில் நூற்று எழுபத்தாறு கருத்து விழுந்திருக்கிறது, அவை மன்றத்தின் உடைமை, ஆவணப் பிரிவில் வைப்பார்களாம். வெளிச்சம்தானே விழுந்தது, சட்டையில் என்ன ஒட்டியிருக்கிறது என்று கேட்டேன். துவைக்காமல் கொடுங்கள் என்றார்கள். விவாதம் பண்ண எனக்குத் தெம்பில்லை. கழற்றிக் கொடுத்துவிட்டு, ரசீது வாங்கிக்கொண்டு, பனியனோடு தெருவில் இறங்கினேன்.

பஸ் நிறுத்தத்தைத் தாண்டினோம். நடைபாதை உடைந்த இடத்தில் அக்கா என் கையை இறுக்கினாள்.

"நான் முறைக்கலடா" என்றாள்.

"உலகம் பூரா முறைப்புக்காரின்னுதான் பேரு உனக்கு."

"படம் பிடிச்சவன் என் பின்னாலயே நடந்து வந்து அழுக்குத் துணிக் கூடையில விழப் போனான். அதைப் பாத்து எனக்குச் சிரிப்பு வருது. வந்துட்டே இருக்கு, பல்லு தெரியறதுக்குள்ள வெட்டிட்டாங்க."